சந்தன வேர் எந்த மரத்தைப் பிடித்திருக்கிறது? டிஎன்ஏ பார்த்தால் சந்தனமே வருகிறது

வேர்த்தடம் கேட்டது:

வணக்கம். சவுக்கு, புங்கம், அகத்தி, துவரை, வேம்பு என்று கலந்து நட்ட இடத்தில் சந்தனம் நிற்கிறது. தரையில் அறுகும் கோரையும். சந்தனம் மற்ற செடிகளின் வேரைப் பிடித்து உறிஞ்சும் ஒட்டுண்ணி. எந்தச் சந்தன வேர் எந்தச் செடியைப் பிடித்திருக்கிறது என்று இனவாரியாகப் பட்டியல் வேண்டும். நுண்வேர்கள் பின்னிக் கிடப்பதால் ஒரு வேரைக் கையால் தொடர்ந்து போய் அதன் மரத்தை அடைவது நடக்கிற காரியமாக இல்லை. பாதி வழியில் அறுந்துவிடுகிறது. அதனால் டிஎன்ஏ பார்கோடு, அதாவது குறிப்பிட்ட ஒரு மரபணுத் துண்டை வாசித்து இனத்தை அடையாளம் காணும் முறை.

இப்போதைய முறை இது: 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கும் ஹாஸ்டோரியத்தை (சந்தன வேர் மற்ற வேரைக் கவ்வும் உறுப்பு), அது கவ்வியிருக்கும் வேர்த்துண்டோடு சேர்த்தெடுத்து, கழுவி, சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, முழுதாக அரைத்து, கிட் வைத்து டிஎன்ஏ பிரித்து, ஆர்பிசிஎல் (rbcL) என்ற பசுங்கணிக மரபணுப் பகுதியைப் பிசிஆரில் பல பிரதிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைச் (சீக்வென்ஸ்) சாங்கர் முறையில் வாசிக்க அனுப்புவது. ஜெல்லில் 600 கார இணை அளவில் பட்டை பளிச்சென்று விழுகிறது. சீக்வென்ஸ் வந்து பார்த்தால் பெரும்பாலானவை சுத்தமான சந்தனம். சில மட்டும் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து காட்டும் இரட்டை முகடுகளோடு குழம்பி வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிடலாமா?

மாதிரி எடுப்பதில் கோளாறா, மார்க்கரில் (வாசிக்கத் தேர்ந்த மரபணுப் பகுதியில்) கோளாறா? தோண்டாமல் சந்தன இலையிலேயே ஓம்புயிரியின் (சந்தனம் பிடித்த செடியின்) டிஎன்ஏ கிடைக்குமா? சீக்வென்ஸில் புங்கம் என்று வந்தால், சந்தனம் புங்கத்திலிருந்து உறிஞ்சுகிறது என்று எழுதிவிடலாமா?

மண்ணடி எழுதியது:

இரட்டை முகடு வந்த கோப்புகளை அழித்துவிடாதீர்கள். இருப்பதிலேயே மதிப்புள்ளவை அவைதான்.

ஆர்பிசிஎல் புரதத்துக்கான மரபணு. பூக்கும் தாவரங்களில் பார்கோடு பகுதியின் நீளம் அநேகமாக மாறுவதில்லை, இடையில் எழுத்து கூடுவதோ குறைவதோ அரிது. ஆகவே இரண்டு இனங்களின் ஆர்பிசிஎல் ஒன்றன்மேல் ஒன்றாக வாசிக்கப்பட்டாலும் வரிசை நகராது. ஒவ்வொரு இரட்டை முகட்டிலும் ஒன்று சந்தனத்தின் எழுத்து, மற்றது ஓம்புயிரியின் எழுத்து. சந்தன இலையிலிருந்து ஒரு சுத்தமான சீக்வென்ஸ் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரட்டை முகடு உள்ள இடங்களில் சந்தன எழுத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை உங்கள் பட்டியலில் உள்ள செடிகளோடு ஒப்பிடுங்கள். பட்டியல் சின்னது என்பதால் பல மாதிரிகளுக்கு இதிலேயே விடை வந்துவிடும். முகட்டின் உயரத்தை வைத்து எது எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டாம். டிஆர்என்எல், ஐடிஎஸ்2 போன்ற வேறு பார்கோடு பகுதிகளில் இந்த வேலை செல்லாது. அங்கே ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அந்த இடத்துக்குப் பிறகு முழுதும் குழம்பிவிடும்.

இனி மாதிரி. ஹாஸ்டோரியத்தை முழுதாக அரைத்தால் சந்தனம் வருவதில் வியப்பே இல்லை. அந்த மணி வடிவச் சதை முழுவதும் சந்தனத்தின் திசு. ஓம்புயிரியின் பங்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய வேர் மட்டும். அதிலும் பாதி உயிரில்லாத சைலம் (நீர் கடத்தும்) குழாய், அங்கே டிஎன்ஏ கிடையாது. அரைத்த கலவையில் சந்தனம் பெரும்பங்கு இருக்கும், பிசிஆர் அந்த வேறுபாட்டை இன்னும் பெருக்கிக் காட்டும்.

செய்ய வேண்டியது: மண்கட்டியை வெட்டியெடுத்துத் தட்டில் நீரில் ஊறவிட்டு, மண்ணைக் கரையவிடுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் ஹாஸ்டோரியம் ஓம்புயிரி வேரிலிருந்து கழன்று, வேறொரு வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். உருப்பெருக்கியின் கீழ் ஹாஸ்டோரியம் உண்மையில் எந்த வேரைக் கவ்வியிருக்கிறது என்று பார்த்து, அந்த வேரை இருபுறமும் 1 செ.மீ. விட்டு நறுக்குங்கள். பிறகு புது பிளேடால் ஹாஸ்டோரியத்தைத் தனியாகச் சீவி எடுங்கள். இப்போது ஒரே பிடிப்பிலிருந்து மூன்று குழாய்கள்: ஓம்புயிரி வேர்த்துண்டு, ஹாஸ்டோரியம், ஹாஸ்டோரியத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி வெட்டிய சந்தன வேர். மூன்றாவது எதற்கு என்று தோன்றும். அதில் புங்கம் வந்தால் உங்கள் கழுவல் போதவில்லை, அல்லது பிளேடில் ஒட்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஹாஸ்டோரியக் குழாயை இருப்பில் வையுங்கள், முதல் வேலை வேர்த்துண்டில்தான்.

வேர் நூல் மாதிரி இருந்து, 1 செ.மீ. துண்டில் எதுவும் தேறாது என்றால் ஹாஸ்டோரியத்தின் அடித்தட்டை மெல்லிய வில்லையாகச் சீவுங்கள். சந்தனம் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும், ஆனால் விகிதம் முன்பைவிட மேல். 3 மி.மீ.க்கு மேல் தடித்த வேரில் வெளிச் சொரசொரப்பும் வேண்டாம், நடுக்கட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஈரமாக இருக்கும் உட்பட்டையைச் சுரண்டுங்கள். உயிருள்ள செல்கள் அங்கேதான்.

கழுவும்போது மென்மையான தூரிகை, பிறகு 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 30 முதல் 60 நொடி, பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று அலசல். மேலே ஒட்டிய மற்ற வேர்த்தூவிகளின் டிஎன்ஏவை அது சிதைக்கும். நுண்வேரை அதற்கு மேல் விட்டால் உள்ளே இருப்பதும் போய்விடும். பயறு வகை வேர்களில் முடிச்சுகளை வெட்டி எறியுங்கள், சவுக்கிலும் அப்படியே. முடிச்சுக்குள் இருப்பது பாக்டீரியா. டிஎன்ஏ அளவு ஏகமாகக் காட்டும், தாவரம் சொற்பமாக இருக்கும்.

சிலிக்கா ஜெல் திசுவின் எடையைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும், ஒரு நாளுக்குள் ஒடிகிற அளவு காய வேண்டும். மெதுவாகக் காய்ந்த வேர் பழுப்பேறிவிடும், பூஞ்சையும் வரும்.

இலைக் கேள்விக்கு விடை: கிடைக்காது. ஓம்புயிரியின் மரபணுத் தொகுதி இலை வரை ஏறிப் போவதில்லை. கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடிக்கும் அதன் ஓம்புயிரிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான தூது ஆர்என்ஏக்கள் போய்வருவதை 2014-இல் காட்டினார்கள், ஆனால் அது ஆர்என்ஏ, அதுவும் பிடிப்புக்கு அருகிலுள்ள தண்டில். மேலும் கஸ்குட்டா ஃபுளோயம் (உணவு கடத்தும் திசு) வரை இணைகிறது, சந்தனம் முக்கியமாகச் சைலத்திலிருந்து எடுப்பது. தோண்டித்தான் ஆக வேண்டும்.

பட்டை600 எழுதியது:

மண்ணடி சொன்னபடி வேர்த்துண்டைப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். மார்க்கர் பக்கம் நான்.

ஒட்டுண்ணித் தாவரங்களில் முதலில் பார்க்க வேண்டியது அதன் பசுங்கணிகத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்பது. முழு ஒட்டுண்ணிகளில் ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் உதிர்ந்துவிட்டன. எபிஃபேகஸ் செடியின் பசுங்கணிக மரபணுத் தொகுதி வெறும் 70 ஆயிரம் கார இணை என்று 1992-லேயே வாசித்துவிட்டார்கள். ரஃப்ளீசியா லகாஸ்கேயில் முழுப் பசுங்கணிகத் தொகுதியே கண்டுபிடிக்கப்படவில்லை என்று 2014-இல் வெளிவந்தது. அப்படிப்பட்ட செடியில் ஆர்பிசிஎல் பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் குறுந்துண்டு) போட்டால் பெருகுவது பெரும்பாலும் ஓம்புயிரிதான், தனியாக எந்த உபாயமும் தேவைப்படாது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், ஓரோபாங்கி வகைகள் சிலவற்றில் செயலிழந்த ஆர்பிசிஎல் பிரதி இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் பெருகும்.

சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலை பச்சை, ஆர்பிசிஎல், இன்னொரு பார்கோடு மரபணுவான மேட்கே இரண்டும் முழுதாக இருக்கின்றன. ஆகவே பொதுப் பிரைமர் எதைப் போட்டாலும் சந்தனம் முந்திக்கொள்ளும். ஆனால் சந்தனத்திலும் ஒரு ஓட்டை உண்டு. அதன் பசுங்கணிகத்தில் என்டிஹெச் குடும்ப மரபணுக்கள் பதினொன்றும் அழிந்தோ செயலிழந்தோ போயிருக்கின்றன. சந்தன வரிசையின் ஒட்டுண்ணிகளில் இது பொதுவான நிலை. உங்கள் பட்டியலில் உள்ள மரங்களிலும் புற்களிலும் அந்த மரபணுக்கள் இருக்கின்றன. என்டிஹெச்எஃப் மரபணுவுக்குப் பிரைமர் போட்டால் சந்தனம் பேசாமல் இருக்கும், ஓம்புயிரி மட்டும் பெருகும்.

என்டிஹெச்எஃப் சுமார் 2,200 கார இணை நீளம், பின்பாதி அதிகம் மாறுபடும் பகுதி. அந்தப் பின்பாதியில் 300 முதல் 400 கார இணை வரும் துண்டாகப் பிரைமர் வடிவமையுங்கள், சிதைந்த வேரிலும் கிடைக்கும். தாவர வகைப்பாட்டில் நெடுங்காலம் புழங்கிய மரபணு, ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஒப்பிடப் போதிய பதிவுகள் உண்டு. ஆனால் நான்கு சோதனைகள் முடியாமல் மாதிரியில் கைவைக்காதீர்கள். சந்தன இலை டிஎன்ஏவில் பட்டை வரக் கூடாது. வந்தால் அதை வாசியுங்கள். எச்சமாகக் கிடக்கும் செயலிழந்த பிரதியோ உட்கருவுக்கு இடம்பெயர்ந்த துண்டோ இருக்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு செடியின் இலையிலும் பட்டை வர வேண்டும். சந்தனமும் புங்கமும் 99:1, 95:5, 50:50 என்று கலந்த டிஎன்ஏவில் புங்கம் தெரிய வேண்டும். வெற்று நீரில் ஒன்றும் வரக் கூடாது.

இந்த வழி எங்கே ஏமாற்றும் என்றால், பைன் குடும்பத்திலும் நீட்டம் வகையறாவிலும் என்டிஹெச் மரபணுக்கள் இல்லை, சில ஆர்க்கிடுகளிலும் இல்லை. பக்கத்தில் பைன் நின்றால் அதை இந்தப் பிரைமர் பார்க்காது, நீங்களும் ஓம்புயிரி இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

வேரில் பச்சையமே இல்லையே, பசுங்கணிக மார்க்கர் எப்படி வேலை செய்யும் என்று யாராவது கேட்பார்கள். வேரிலுள்ள நிறமற்ற கணிகங்களிலும் அதே மரபணுத் தொகுதிதான், பிரதிகள் இலையைவிடக் குறைவு, அவ்வளவே. 35 சுழற்சிக்குக் குறைய வேண்டாம்.

மைட்டோகாண்ட்ரியா மார்க்கரைத் தொடவே வேண்டாம். இனத்துக்கு இனம் மாற்றம் குறைவு என்பது ஒரு பக்கம். ஒட்டுண்ணிகள் ஓம்புயிரியின் மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களைத் தம் தொகுதிக்குள்ளேயே வாங்கிக்கொண்ட வழக்குகள் பல உண்டு. ரஃப்ளீசியா, தன் ஓம்புயிரியான டெட்ராஸ்டிக்மா கொடியிடமிருந்து வாங்கியது 2004-இல் தெரியவந்தது. அப்படி ஒன்றை வாசித்தால், முன்னோர் எந்தக் குடும்பத்தின் மேல் வாழ்ந்தனவோ அதைத்தான் சீக்வென்ஸ் சொல்லும், இன்று பிடித்திருக்கும் வேரைச் சொல்லாது.

வேர்த்தடம் எழுதியது:

என்டிஹெச் யோசனைக்கு நன்றி, அது மனதில் படவே இல்லை. இரண்டு சந்தேகங்கள். சந்தனம் பெருகாமல் அடைக்கும் தடுப்புப் பிரைமர் போட்டு ஆர்பிசிஎல்லையே தொடர முடியாதா? ஏற்கெனவே இலை நூலகம் ஆர்பிசிஎல்லில் இருக்கிறது. இன்னொன்று, வேர்த்துண்டுகளில் கிட் கொடுக்கும் டிஎன்ஏ பழுப்பாக இருக்கிறது, அளவு நிறையக் காட்டினாலும் பிசிஆர் ஓடுவதில்லை.

பட்டை600 எழுதியது:

முடியும். பொதுப் பிரைமரின் 3′ முனையோடு பத்து எழுத்து அளவுக்கு மேற்படிந்து, அங்கிருந்து சந்தனத்துக்கு மட்டுமே உரிய பகுதிக்குள் நீளும்படி ஒரு பிரைமர் எழுதி, அதன் 3′ முனையில் நீளவிடாமல் அடைக்கும் சி3 ஸ்பேசர் வைத்து வாங்குங்கள். அது சந்தனத்தில் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், தானும் நீளாது. பொதுப் பிரைமர் 0.2 மைக்ரோமோலார் என்றால் தடுப்புப் பிரைமர் 2 மைக்ரோமோலார், அதாவது பத்து மடங்கு. ஐந்து, பத்து, இருபது மடங்கில் ஓட்டிப் பார்த்து, ஓம்புயிரிப் பட்டை மங்காமல் சந்தனம் அடங்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். உருகுநிலை பொதுப் பிரைமரைவிடச் சில டிகிரி மேலே இருக்கட்டும்.

இதில் பலர் சறுக்குவது என்சைமில். பிழை திருத்தும் பாலிமரேஸ் போடாதீர்கள். அதன் 3′ பக்கத்திலிருந்து கடிக்கும் குணம் அடைப்பையே கடித்தெடுத்துவிடக்கூடும். பிறகு அந்தத் தடுப்புப் பிரைமர் சந்தனத்துக்கே உரிய சிறப்புப் பிரைமராக மாறிச் சந்தனத்தை அள்ளிக் கொட்டும். சாதாரண டாக் பாலிமரேஸ் போதும். பிஎன்ஏ கிளாம்ப் (அதே அடைப்பை டிஎன்ஏ அல்லாத செயற்கைச் சங்கிலியால் செய்வது) என்றால் இந்தப் பயம் இல்லை, பிரைமர் ஒட்டும் படிக்கு முன்னால் 78 டிகிரியில் 10 நொடி நிறுத்தம் சேர்த்தால் போதும், விலைதான் கூடுதல்.

எந்தத் தடையும் சந்தனத்தின் நெருங்கிய உறவுகளையும் சேர்த்தே தடுக்கும். உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. புல்லுருவி, தீசியம் எல்லாம் உள்ள இடத்தில் இந்தக் கணக்கு மாறும்.

பழுப்பு டிஎன்ஏ: அது பாலிஃபீனால். ஒளியுறிஞ்சல் கருவி அதையும் டிஎன்ஏ என்றே எண்ணும், ஒளிர்சாய முறையில் அளந்தால் உண்மை அளவு தெரியும். உடனடி வைத்தியம் 10 மடங்கு, 50 மடங்கு நீர்த்து ஓட்டுவது. நீர்த்ததில் பட்டை வந்து, நீர்க்காததில் வராவிட்டால் தடுப்புப் பொருள் இருப்பது உறுதி. 25 மைக்ரோலிட்டர் பிசிஆரில், மி.லி.க்கு 20 மி.கி. உள்ள பிஎஸ்ஏ (தடுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) கரைசல் 0.5 மைக்ரோலிட்டர் சேருங்கள்.

மண்ணடி எழுதியது:

கிட்டை விட்டுவிட்டு, சிடிஏபி என்ற சோப்பு வகை வேதிப்பொருளால் டிஎன்ஏ பிரிக்கும் முறைக்கு வாருங்கள். மர வேருக்கு இன்னும் அதுதான். கரைசல்: சிடிஏபி 2%, சோடியம் குளோரைடு 1.4 மோலார், டிரிஸ் 100 மில்லிமோலார் பிஹெச் 8, ஈடிடிஏ 20 மில்லிமோலார், பிவிபி 2%. பயன்படுத்தும் அன்று மட்டும் மெர்காப்டோஎத்தனால் 0.5% சேர்க்க வேண்டும், முன்னாலேயே கலந்து வைத்தால் வீரியம் போய்விடும். புகைக்கூண்டில் செய்யுங்கள்.

உலர்ந்த வேர் 20 மி.கி. இருந்தால் 600 மைக்ரோலிட்டர் கரைசல். 5 மி.கி.தான் என்றால் 300 போதும். வேர் நார்ப்பிடிப்பானது, திரவ நைட்ரஜனிலோ எஃகுக் குண்டு போட்டோ மாவாகும்வரை அரைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். 65 டிகிரியில் 45 நிமிடம், அவ்வப்போது குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தி. பிறகு சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1, மெதுவாகக் கலக்கி, 12,000 ஜியில் 10 நிமிடம். மேல் அடுக்கை எடுக்கும்போது நடு அடுக்கில் பிப்பெட் முனை படக் கூடாது; மேல் நீர் இன்னும் பழுப்பாக இருந்தால் இந்தப் படியைத் திரும்பச் செய்யுங்கள். 0.7 மடங்கு குளிர்ந்த ஐசோபுரோப்பனால், உறைபெட்டியில் அரைமணி, சுழற்சி, 70% எத்தனாலில் இரண்டு கழுவல், உலர்த்தல், 50 மைக்ரோலிட்டரில் கரைத்தல்.

அடியில் படிவது வெள்ளையாக, மங்கலாக இருந்தால் நல்லது. சளி மாதிரி வழுக்கினால் பாலிசாக்கரைடு; உப்பைக் கூட்டி மறுபடி வீழ்படிவாக்குங்கள். எத்தனால் போகாமல் கரைத்தால் ஜெல்லில் குழியில் இறங்காமல் மிதந்து வெளியே வரும், அப்போதே தெரிந்துவிடும். ரொம்ப உலர்த்தினாலும் பிறகு கரையாது.

ஒவ்வொரு தொகுதியிலும் திசு போடாத ஒரு குழாயை இதே பாதையில் கடைசிவரை கொண்டு போங்கள். கரைசலில் ஏதாவது கலந்திருந்தால் அதில்தான் பிடிபடும், பிசிஆர் நீர்க் குழாயில் பிடிபடாது.

சிக்கனவாதி எழுதியது:

எல்லாரும் பெரிய பீரங்கியைத் தூக்குகிறீர்கள். ஆறேழு செடிகள் மட்டுமே உள்ள மூடிய பட்டியல் இது. இதற்கு ஒவ்வொன்றையும் சீக்வென்ஸ் செய்யவே தேவையில்லை.

டிஆர்என்எல் இன்ட்ரானின் (அந்த மரபணுவின் இடைத்துண்டின்) நீளமே இனத்துக்கு இனம் மாறும். தாவரங்களில் சுமார் 250 முதல் 770 கார இணை வரை பரவியிருக்கிறது. சந்தனம் உட்பட எல்லா இலைகளையும் ஓட்டி 2.5% ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். நீளத்திலேயே பிரிபவை பிரிந்துவிடும். ஒரே நீளத்தில் நிற்பவற்றுக்கு, கணினியில் சீக்வென்ஸை வெட்டிப் பார்த்து, ஒன்றை வெட்டி மற்றதை விடும் என்சைம் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வேர் மாதிரிக்கு பிசிஆர், வெட்டு, ஜெல், முடிந்தது. சந்தனப் பட்டையும் இன்னொரு பட்டையும் சேர்ந்து வந்தால் அதுவும் விடைதான், சாங்கர் போல அங்கே குழம்பாது. மாதிரிகளில் பத்தில் ஒன்றை மட்டும் சரிபார்க்க சீக்வென்ஸ் செய்யலாம்.

வெட்டு முழுமையாக நடக்காவிட்டால் மூன்று பட்டை விழும், அதைக் கலப்பு என்று படித்துவிடாதீர்கள். இரவு முழுக்க வெட்ட விட்டால் இது பெரும்பாலும் தீரும்.

பட்டை600 எழுதியது:

பட்டியல் உண்மையிலேயே மூடியதாக இருந்தால் சிக்கனவாதியின் வழி நல்ல வழி. எனக்கு உறுத்துவது அந்த "மூடிய" என்ற சொல். சந்தனம் பிடிக்கும் இனங்கள் 300-க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அறுகு, கோரை என்று நீங்கள் குறித்தவை போக, மழைக்கு முளைத்துக் காய்ந்துபோன ஒருபருவக் களைகளின் வேரும் மண்ணுக்குள் இருக்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் மரத்தின் வேர் பல மீட்டர் தள்ளி வந்திருக்கும். ஜெல் பட்டை, பட்டியலில் இல்லாததைத் தற்செயலாக அதே நீளமுள்ள பட்டியல் செடியாகக் காட்டிவிடும். சீக்வென்ஸ் குறைந்தபட்சம் "இது உங்கள் பட்டியலில் இல்லை" என்றாவது சொல்லும்.

ஆகவே முதலில் இலை நூலகம். சுற்றிலும் நிற்பது, முளைப்பது எல்லாவற்றிலும் இனத்துக்குக் குறைந்தது இரண்டு தனிச்செடிகள், ஒவ்வொன்றுக்கும் உலர்மாதிரி ஏட்டில் ஒட்டி வைத்தது. பிளாஸ்ட் (தரவுத்தள ஒப்பீட்டுத் தேடல்) முடிவில் மேலே வரும் பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். ஆர்பிசிஎல்லில் 100% பொருத்தம் ஐந்தாறு பேரினங்களுக்கு ஒரே நேரத்தில் கிடைக்கும், புற்களில் இன்னும் மோசம். ஆர்பிசிஎல், மேட்கே இரண்டையும் சேர்த்தாலே 72% இனங்களைத்தான் பிரிக்க முடிந்தது என்பது 2009-இல் அவற்றைப் பொது பார்கோடாகப் பரிந்துரைத்தவர்களின் கணக்கு. பொருத்தம் சமமாக வந்த பெயர்கள் எல்லாவற்றையும் பாருங்கள். அவை ஒரே குடும்பம் என்றால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். புல்லை இனம் வரை பிரிக்க ஐடிஎஸ்2 சேர்க்கலாம், தாவரத்துக்கு மட்டும் உரிய பிரைமராகப் பார்த்து. இல்லாவிட்டால் வேர்ப்பூஞ்சைகள் பெருகும்.

பழைய ஹாஸ்டோரியம், செத்த வேர் என்றால் டிஆர்என்எல் இன்ட்ரானுக்குள் உள்ள பி6 என்ற குறுந்துண்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். 10 முதல் 143 கார இணைதான், எவ்வளவு சிதைந்த டிஎன்ஏவிலும் வரும். ஆனால் அது இனம் வரை பிரிப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத்தான். சிறிய உள்ளூர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால் நிலைமை இதைவிட மேல்.

நிறைய மாதிரிகளைச் சேர்த்து அடுத்த தலைமுறைக் கருவியில் வாசிப்பதானால் மூன்று விஷயம். ஒவ்வொரு மாதிரிக்கும் இருமுனையிலும் வேறெதற்கும் வராத குறியீடு. இல்லாவிட்டால் குறியீடு தாவிப் பக்கத்து மாதிரியின் புங்கம் இதில் வந்து நிற்கும். ஒரு டிஎன்ஏவுக்கு மூன்று தனி பிசிஆர், இரண்டிலாவது வந்ததை மட்டும் ஏற்பது. வெற்றுக் குழாயில் ஓர் இனம் அதிகபட்சம் எத்தனை வாசிப்பு வந்ததோ, அதற்குக் கீழே உள்ளதை எல்லா மாதிரியிலும் கழிப்பது. வாசிப்பு எண்ணிக்கையை "இவ்வளவு விழுக்காடு உறிஞ்சுகிறது" என்று மொழிபெயர்ப்பதை எங்கும் பார்க்கிறோம், அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

நுண்சீவல் எழுதியது:

கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. சீக்வென்ஸில் புங்கம் வந்ததை வைத்து உறிஞ்சுகிறது என்று எழுதிவிட முடியாது. டிஎன்ஏ சொல்வது தொடுப்பை மட்டும்.

சந்தனம் கல்லையும் பிளாஸ்டிக்கையும்கூடக் கவ்வி ஹாஸ்டோரியம் மாதிரி ஒன்றை உண்டாக்கும். தன் வேரையும் பக்கத்துச் சந்தன வேரையும் பிடிக்கும். ஆகவே உங்களுக்கு வந்த "சுத்தமான சந்தனம்" எல்லாமே பிசிஆரின் ஓரவஞ்சனை என்று முடிவு கட்டவும் கூடாது, சில உண்மையாகவே சந்தனத்தின் மேல் சந்தனமாக இருக்கும். வேர்த்துண்டைத் தனியே எடுத்து, ஆர்பிசிஎல்லில் சந்தனம் வந்து, என்டிஹெச்எஃப்பில் பட்டையே இல்லை என்றால் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். வேறு மரமா அதே மரமா என்று பார்க்க, மரத்துக்கு மரம் மாறும் மைக்ரோசாட்டலைட் மார்க்கர் வேண்டும். ஒரே மரத்தின் திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டிருந்தால் அதுவும் உதவாது.

கவ்வியது உள்ளே நுழைந்ததா என்று பார்க்க ஒவ்வொரு இனத்திலும் சில ஹாஸ்டோரியங்களைக் குறுக்காகச் சீவுங்கள். 20 முதல் 30 மைக்ரான், கை பிளேடிலேயே முடியும். டொலுயிடின் புளூ 0.05% ஒரு நிமிடம், அலசல். உயிருள்ள இணைப்பில் வெண்சதை நடுவிலிருந்து ஆப்பு போல ஒரு நாக்கு இறங்கி, ஓம்புயிரியின் பட்டையைப் பிளந்து சைலத்தைத் தொட்டு நிற்கும். லிக்னின் ஏறிய குழாய்கள் நீலப்பச்சையாகவும் சுற்றியுள்ள மென்திசு ஊதாவாகவும் தெரியும். நாக்கு பட்டையிலேயே நின்று, எதிரே அடர்ந்த லிக்னின் சுவர் தெரிந்தால் அந்தச் செடி தடுத்துவிட்டது. ஓம்புயிரி ஒட்டுண்ணியைத் தடுப்பது ரைனாந்தஸ் என்ற அரை ஒட்டுண்ணியில் நன்றாக ஆராயப்பட்டது: பிளாண்டாகோ லான்சியோலாட்டா வேரிலும் அது ஹாஸ்டோரியம் போடும், ஆனால் உள்ளே போக முடியாது. டிஎன்ஏ மட்டும் பார்த்தவர் பிளாண்டாகோவை நல்ல ஓம்புயிரி என்றே எழுதுவார்.

உணவு போகிறதா என்பதற்கு 15என் (கனமான நைட்ரஜன்) அடையாளமிட்ட யூரியாவை ஓம்புயிரியின் இலையிலோ தண்டிலோ ஏற்றி, சந்தன இலையில் அது வருகிறதா என்று அளக்க வேண்டும். வேர் கசிந்து மண் வழியாகவும் போகும் என்பதால், ஹாஸ்டோரியம் இல்லாமல் பக்கத்தில் நிற்கும் வேறொரு செடியையும் ஒப்புக்கு அளப்பது கட்டாயம்.

பட்டியலில் "தொடுப்பு", "ஊடுருவல்", "கடத்தல்" என்று மூன்று பத்தி வையுங்கள். டிஎன்ஏ முதல் பத்தியை மட்டும் நிரப்பும்.

வேர்த்தடம் எழுதியது:

மூன்று பத்தி யோசனை பிடித்திருக்கிறது. ஒரே ஒரு துணைக் கேள்வி: சீவலுக்கென்று ஃபார்மலின் கலந்த எஃப்ஏஏவில் போட்டு வைத்த ஹாஸ்டோரியங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிறகு டிஎன்ஏ எடுக்கலாமா?

நுண்சீவல் எழுதியது:

நம்ப வேண்டாம். ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும். பி6 மாதிரிக் குறுந்துண்டு எப்போதாவது வரும், ஒன்றுமே வராததும் சகஜம். இனிமேல் எடுப்பதைத் தோண்டும் இடத்திலேயே இரண்டாக வெட்டுங்கள். ஹாஸ்டோரியமும் அதன் கீழுள்ள வேரும் எஃப்ஏஏவில், அதே வேரின் அடுத்த 1 செ.மீ. சிலிக்காவில், இரண்டு குழாயிலும் ஒரே எண். எண்ணைப் பென்சிலால் காகிதத் துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். எஃப்ஏஏவில் எத்தனால் உண்டு, குழாயின் மேல் மார்க்கரால் எழுதியதைக் கரைத்துவிடும்.